"நிலைமை சீரானதும் ஜெபிக்கிறேன்" என்று எழுதிய சகோதரிக்கு

அன்புச் சகோதரி,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மியான்மரில், யாங்கோனில் இருக்கிறீர்கள். கணவரின் கடை மூடிக் கிடக்கிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்த சில மாதங்களில் மூத்த மகன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். முன்பு காலை ஐந்து மணிக்குத் தனி ஜெபம், இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், வாரத்தில் ஒருநாள் பெண்கள் கூட்டம், ஞாயிறு ஆராதனை, பாடகர் குழுப் பயிற்சி என்று உங்கள் வாரமே சபையைச் சுற்றி அமைந்திருந்தது. இப்போது மின்சாரம் வரும் நேரத்தில் எழுந்து தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, அலைபேசிக்கு மின்னேற்றிவிட்டுப் படுப்பதுதான் வாழ்க்கை. வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்கு மேல் கண் ஓடுவதில்லை. "என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா அக்கா? நிலைமை சீரானதும் பழையபடி ஜெபிப்பேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

"நிலைமை சீரானதும்" என்கிறீர்கள். இந்த நாட்டில் தமிழர்களாகிய நமக்குச் சீரான நிலைமை எத்தனை ஆண்டு இருந்திருக்கிறது? 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மீது, அதாவது இன்றைய யாங்கோன்மீது, ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்த மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போனது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம். 1962-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாமல் போயின. மீண்டும் கப்பலேறினார்கள் நம் ஜனங்கள். 1965-இல் மிஷன் பள்ளிக்கூடங்கள் கைமாறின. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகள் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்புறம் 1988-இன் மக்கள் எழுச்சி, 2008 மே மாதத்து நர்கிஸ் புயல், பெருந்தொற்று, 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவ ஆட்சி, 2025 மார்ச் 28-இன் பூகம்பம். எழுபது வயதைத் தாண்டிய நான் சீரான ஆண்டுகளை எண்ண உட்கார்ந்தால் இரண்டு கை விரல்கள் போதும். அந்த ஆண்டுகளில் மட்டும்தான் ஜெபிப்பது என்று முன்னோர்கள் வைத்திருந்தால் இன்று உங்களுக்கும் எனக்கும் சபை என்ற ஒன்றே இருந்திராது.

என் பாட்டி 1942-இல் நடக்கவில்லை. கைக்குழந்தையோடு தன்லின் பக்கம் வயல்வெளிக்குள் ஒதுங்கிவிட்டார். ஏழு குடும்பங்கள், போதகர் இல்லை, ஆலயமும் இல்லை. இருந்த ஒரே வேதாகமமும் மழையில் நனைந்து பின்பாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. விதைப்பு, அறுப்பு, பதுங்கல் என்று நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோனதில் எது ஞாயிறு என்றே தெரியாமல் போய்விடும் என்று பயந்து, ஒரு பெரியவர் குடிசைச் சுவரில் தினமும் ஒரு கரிக்கோடு போட்டாராம். ஏழாவது கோட்டை மட்டும் நீளமாக இழுப்பார். நீளக்கோடு விழுந்த நாளில் எல்லாரும் கூடி மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொல்வார்கள், ஒரு கீர்த்தனை பாடுவார்கள், கலைந்துவிடுவார்கள். மூன்று வருஷம் அவ்வளவுதான். "கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால் நாங்கள் வேறு மனுஷராகத் திரும்பியிருப்போம்" என்பார் பாட்டி.

வேதத்திலும் இதே கேள்வியோடு ஒரு கூட்டம் இருந்தது. கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் அவர்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்றே நம்பினார்கள். அப்படி நம்பச் சொல்லித் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். எரேமியா 28-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்கிறவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்துக்குள் அனைத்தும் பழையபடி ஆகிவிடும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அடுத்த அதிகாரத்தில் எரேமியாவின் கடிதம் வருகிறது. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று தொடர்கிறது.

அந்தக் கடிதத்தின் பதினோராம் வசனம் நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இந்த வசனம் யாருக்காவது வந்தால் முகம் மலர்ந்துவிடும். அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அதில்தான் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைக் காணப்போவதில்லை. அவர்களுக்குத்தான் இந்த நல்ல நினைவுகளின் வாக்கு வந்தது. இதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் 2021-க்குப் பிறகுதான் அந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

உங்களை மனம் தளரவைக்க இதைச் சொல்லவில்லை. நிலைமை நாளையே மாறட்டும் என்று நானும் தினமும் ஜெபிக்கிறேன். அதற்காக இன்றைய நாளை ஒரு காத்திருப்பு அறையாக நினைத்து, கதவு திறந்ததும் ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தோட்டம் போடச் சொன்ன இடம் பாபிலோன்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். விசுவாசம் செத்துவிட்டதா?

அதோனிராம் ஜட்சனை நமக்கு நன்றாகத் தெரியும். பர்மியச் சகோதரர்கள் இன்றும் வாசிக்கும் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார். முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஜூன்வரை காத்திருந்தார். முதல் ஆங்கிலோ பர்மியப் போர் மூண்டதும் 1824 ஜூன் 8-இல் அவரை அன்றைய தலைநகரான ஆவாவில் சிறைபிடித்தார்கள். மனைவி ஆன் அப்போது கர்ப்பிணி. பர்மிய மொழியில் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதி அவரிடம் இருந்தது. முதலில் அதை மண்ணில் புதைத்துவைத்தார். மழைக்காலத்தில் ஈரம் அரித்துவிடுமே என்று பயந்து, பஞ்சுக்குள் வைத்து ஒரு தலையணையாகத் தைத்துச் சிறைக்குள் கணவருக்கு அனுப்பினார். யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கடினமான தலையணை. மறு ஆண்டு கைதிகளை அவுங்பின்லே என்ற கிராமத்துக்குக் கொண்டுபோனபோது காவலர்கள் உறையை உருவிக்கொண்டு பஞ்சுப் பொதியைத் தூக்கி எறிந்தார்கள். மவுங் இங் என்ற விசுவாசி, தன் போதகரின் நினைவாக ஏதாவது இருக்கட்டும் என்று அதை எடுத்துப்போய் வீட்டில் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது எழுத்து ஒன்றும் சேதமில்லாமல் இருந்தது.

இந்த இடம்வரை எல்லாப் போதகர்களும் சொல்வார்கள். இதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஜட்சன் விடுதலையானார். ஆன் 1826 அக்டோபரில் காய்ச்சலில் இறந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் இறந்தாள். இத்தனைக்கும் தப்பிவந்த அந்த மனிதர் அதற்குப் பிறகுதான் உடைந்தார். காட்டுக்குள் தனிக்குடிசை போட்டுக்கொண்டார். தனக்கென ஒரு குழியைத் தோண்டி அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்து சில ஆண்டுகளான பின், தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். இதே மனிதர்தான் 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார்.

இரண்டு வசனத்துக்கு மேல் கண் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஜட்சன் நினைவுக்கு வந்தார். உணர்வு வற்றிப்போவதும் விசுவாசம் சாவதும் ஒன்றல்ல. புடலங்கொடியைப் பார்த்திருப்பீர்கள். புயலில் பந்தல் சாய்ந்தால் கொடி தரையில் கிடக்கும். வேர் மண்ணில்தான் இருக்கும். உங்கள் ஐந்து மணியும் எட்டு மணியும் பாடகர் குழுவும் பந்தல். நல்ல பந்தல்தான், அருமையாகத் தாங்கியது. அது சாய்ந்துவிட்டது. முழுப் பந்தலையும் மறுபடி கட்டுகிற பலம் இப்போது உங்களிடம் இல்லை, அப்படிக் கட்ட வேண்டும் என்று கர்த்தரும் கேட்கவில்லை. ஒரு கொழுகொம்பு நட்டால் போதும்.

எந்த நேரத்தில் நடுவது? இந்த ஊரில் இன்று நிச்சயமாக நடக்கிற ஒன்று மின்சாரம் போவது. வருவதைத்தான் நம்ப முடியாது. வந்துவிட்டால் நீங்கள் சொன்னதுபோல் தண்ணீர், சோறு, துணி என்று ஓட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஜெபிக்க முயன்று தோற்றுப்போகாதீர்கள். அது போகிற நேரத்தைப் பிடியுங்கள். விளக்கு அணைந்ததும் மெழுகுவத்தியைத் தேடி எழுவீர்கள் அல்லவா? கொளுத்தி வைத்தபின் உடனே எழுந்து போகாமல் அங்கேயே உட்காருங்கள். கணவரும் இளைய மகளும் அருகில் இருந்தால் அவர்களும் உட்காரட்டும். இருட்டில் வாசிக்க முடியாது, அதனால் மனப்பாடம் வேண்டும். நம் பாட்டிமார் காலத்து ஓய்வுநாள் பாடசாலையில் வசனத்தை ஒப்பிக்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பை நாங்கள் தளர்த்திவிட்டதற்காக இப்போது வருந்துகிறேன். அலைபேசியில் வேதம் இருக்கிறதே என்று நினைத்தோம். இணையத்தையே நிறுத்திவிட்ட நாட்களில் என்ன ஆனோம் என்று உங்களுக்கே தெரியும்.

மனப்பாடம் செய்ய 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார். அவர் முறுமுறுக்கிறார் என்று வேதம் சொல்லவில்லை. இராகத் தலைவனிடம் கொடுத்துச் சபையில் பாடவைத்திருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் சபைகளில் ஸ்தோத்திரம் சொல்லத்தான் பழக்கினோம், புலம்பப் பழக்கவில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "கர்த்தருடைய கிருபையால் நலம்" என்றே வாய் பழகிவிட்டது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமலே முடிந்துபோகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்தார். உங்களுக்குள் இருக்கிற கோபத்தை மறைத்துவிட்டு ஜெபிக்க முயல்வதால்தான் இரண்டாவது வசனத்தோடு நின்றுபோகிறது என்பது என் எண்ணம். மகனைப் பிரிந்த தாயின் வாயில் முதலில் ஸ்தோத்திரம் வராது, கேள்விதான் வரும். அந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். கேட்கவும் வார்த்தை வராத இரவில் சும்மா உட்கார்ந்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் இருக்கிறது.

மகனைப் பற்றி இன்னொன்று. தாய்லாந்தில் நம்மைவிட அரைமணி நேரம் முந்தி ஓடுகிறது கடிகாரம். இங்கே எட்டு என்றால் அங்கே எட்டரை. அவனோடு பேசும்போது, "தம்பி, உனக்கு எட்டரை ஆகும்போது பதின்மூன்றாம் சங்கீதத்தைச் சொல், நாங்களும் இங்கே சொல்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். இணைப்பு கிடைக்காத நாளிலும் இது நடக்கும். வேலையிலிருந்து திரும்பிய களைப்பில் அவன் சொல்லாமல் தூங்கிவிட்டாலும் கேள்வி கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்திலும் ஒரு பேரன் அங்கே இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாளாவது சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உபவாசம் எடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவைத்தான். எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நீங்களோ சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகிறது என்கிறீர்கள். பகலில் மின்சாரமில்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள், அதைப் பாவமாக நினைக்காதீர்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைவு வந்துவந்து போனால் அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன்.

இன்னொரு விஷயம் சொல்லித்தான் ஆக வேண்டும், வருத்தப்படாதீர்கள். மின்சாரம் இருக்கும்போதெல்லாம் வெளிநாட்டுப் பிரசங்கங்களை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் நல்ல போதனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "இந்த மாதம் உன் சிறையிருப்பு திரும்பும்" என்று மாதாமாதம் சொல்கிறவர்கள் அனனியாவின் வேலையைத்தான் செய்கிறார்கள். மாதம் முடிந்து ஒன்றும் நடக்காதபோது அவர்களுக்கு நஷ்டமில்லை. நம் விசுவாசத்தில்தான் குறை என்று நாம் நம்மையே குத்திக்கொள்கிறோம். உங்கள் கடிதத்தில் அந்தக் குத்து தெரிகிறது. இரண்டு வாரம் அவற்றைக் கேட்காமல் இருந்து பாருங்கள்.

பாடகர் குழுவில் இருபது பேர் இருந்த இடத்தில் ஆறு பேர் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஞாயிறு போகவில்லை என்ற வரி என்னைக் கலங்கவைத்தது. எனக்கும் அந்த வெற்றுப் பெஞ்சுகளைப் பார்க்க முடிவதில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையை ஊரடங்குக்காகச் சாயங்காலமே முடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிய அந்த முதல் ஆண்டில் நான் வழியெல்லாம் அழுதேன். வீடு வீடாகக் கீதம் பாடிப் போன இரவுகளை நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆறு பேரில் ஒருவர் வராவிட்டால் ஐந்தாகிவிடுகிறது. இருபதில் ஒருவர் வராதது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நீங்கள் போய் நிற்பது முன்பைவிடப் பெரிய ஊழியம். பாட வேண்டாம். நின்றால் போதும்.

2025 பூகம்பத்தின்போது இதைக் கண்ணால் பார்த்தேன். மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம். மாந்தலேயிலும் சகாயிங்கிலும் ஆலயங்கள், விகாரைகள், தொழுகையில் இருந்தவர்களோடு மசூதிகள் எல்லாம் இடிந்தன. ஜட்சன் விலங்கோடு கிடந்த ஊரின் பெயரைத் தாங்கிய பழைய ஆவா பாலமும் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 3000-க்கும் மேல். எங்கள் பெண்கள் கூட்டத்தில் அப்போது தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர். ஒருவரிடமும் பணம் இல்லை. அரிசி, பழைய லுங்கிகள், கொசுவலை, குழந்தைகளுக்கான துணி என்று திரட்டி, வடக்கே போகிற ஒரு லாரியில் ஏற்றிவிட்டோம். மூட்டை கட்டுவதற்கு அடுத்த வீட்டுப் பௌத்த அம்மாவும் எதிர் வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் வாய்விட்டு ஜெபிக்காத ஒரு சகோதரி, கடைசி மூட்டைக்கு முடிச்சுப் போட்டபின் அதன்மேல் கையை வைத்து, "ஆண்டவரே, இது யாருக்குப் போகிறதோ அவர்களை நடத்தும்" என்றார். ஒரே வரி. அன்றிலிருந்து அவர் மறுபடியும் ஜெபிக்கிறார். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்ன வசனத்தை நான் அந்தச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். உங்கள் தெருவில் தனியாக இருக்கிற பெரியவர் யாராவது இருந்தால் அடுத்த முறை தண்ணீர் ஏற்றும்போது அவருக்கும் இரண்டு வாளி கொண்டுபோய்க் கொடுங்கள். இதைப் பிராயச்சித்தமாகச் செய்யாதீர்கள். நம் கண் நம்மைவிட்டு வேறு ஒருவர் பக்கம் திரும்புகிறபோதுதான் ஜெபத்துக்கும் வழி திறக்கிறது என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பெண்கள் கூட்டம் இப்போது வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு, என் வீட்டில். இருட்டுமுன் எல்லாரும் வீடு சேர வேண்டும் என்பதால் நாலரைக்கு முடித்துவிடுகிறோம். அரைமணி நேரம் தையலும் உண்டு; கிழிந்த பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கிறோம், ஊசி நூல் நான் வைத்திருக்கிறேன். இந்த வாரம் 13-ஆம் சங்கீதத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு முதல் இரண்டு வசனம் மட்டும் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள், மீதியை மற்றவர்கள் சொல்வார்கள். சமையலறைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுவருகிறேன். வியாழக்கிழமைக் கோடுதான் நீளம்.

கர்த்தருக்குள்,
உங்கள் அக்கா